கரண்ட் போனதும் கேட்கும் சத்தம்

“கரண்ட் போய் ஃபேன் நின்றதும் ‘ஙொய்ய்’ என்று ஒரு சத்தம் ஆரம்பிக்கிறது சார். ரூமில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கும் கேட்கவில்லை. எனக்கு ஏதாவது மனப்பிரச்சினையா?”

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் அனுப்பிய கேள்வி இது. கல்லூரி ஆண்டு விழாவில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். மறுநாள் காது அடைத்தது போல இருந்ததாம். இரண்டு நாளில் அடைப்பு விட்டது, சத்தம் மட்டும் விடவில்லை. நான்கு மாதமாகிறது. காது டாக்டர் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுத்துப் பார்த்து “எல்லாம் நார்மல், அதையே நினைச்சிட்டு இருக்காதம்மா” என்று அனுப்பிவிட்டார். வீட்டில் “19 வயசுல உனக்கென்ன காதுக்கு?” என்று கேட்டுவிட்டு, பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள்.

மனப்பிரச்சினை இல்லை. டாக்டர்கள் டின்னிட்டஸ் என்று சொல்லும் காதிரைச்சல்தான் இது. ஆடியோகிராம் நார்மலாக இருக்கும்போதே இது எப்படி வருகிறது என்பதற்கு அருமையான ஒரு விளக்கம் இருக்கிறது.

செவிப்பறை, மூன்று சிற்றெலும்புகள், நத்தைக்கூடு போன்ற காக்ளியா என்று பள்ளியில் எல்லோரும் படம் வரைந்து பாகம் குறித்திருப்போம். அந்த நத்தைக்கூட்டுக்குள் ஒரு காதுக்குச் சுமார் 3,500 உள் மயிர்செல்கள் இருக்கின்றன. ஒலியின் அசைவை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அவைதான். ஒவ்வொரு செல்லோடும் சுமார் பத்து நரம்பிழைகள் சேர்கின்றன. அதிக சத்தம் மயிர்செல்களைக் கொல்லும், செத்தவை திரும்ப முளைக்காது (கோழிக்கு முளைக்கும்!) என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட பாடம்.

2009-இல் பாஸ்டனில் ஷரோன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மேன் என்ற இருவர் சுண்டெலிகளை 100 டெசிபல் சத்தத்தில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். எலிகளின் கேட்கும் திறன் மந்தமாகி, இரண்டு வாரத்தில் பழையபடி திரும்பியது. மயிர்செல் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லும் நரம்பும் தொட்டுக்கொள்ளும் சந்திப்புகளில், உச்ச சுருதி ஒலிகளை வாங்கும் பகுதியில், பாதி வரை காணாமல் போயிருந்தன.

இந்தச் சேதம் ஏன் ஆடியோகிராமில் சிக்குவதில்லை? அந்தச் சோதனை, மிக மெல்லிய ‘பீப்’ காதில் விழுகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. அதற்குச் சில இழைகளே போதும். ஐம்பது பேர் வகுப்பில் “யாராவது இருக்கீங்களா?” என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தால், ஐந்து பேர் இருந்தாலும் “இருக்கோம் சார்” என்றுதான் பதில் வரும். நாற்பத்தைந்து பேர் வராதது பெயர் கூப்பிட்டால்தானே தெரியும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ரோலண்ட் ஷெட்டே, டேவிட் மெக்கால்பைன் இருவரும் 2011-இல் பெயர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஆடியோகிராம் நார்மலாக இருந்தும் காதிரைச்சல் உள்ள 15 பெண்களை, இரைச்சல் இல்லாத 18 பெண்களோடு ஒப்பிட்டார்கள். தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் ‘டிக் டிக்’ ஒலி கொடுத்தால் மின் அலைகள் வரிசையாகப் பதிவாகும். முதல் அலை காது நரம்பிலிருந்து வருவது, ஐந்தாவது அலை நடுமூளைப் பக்கத்திலிருந்து. இரைச்சல் உள்ளவர்களுக்கு முதல் அலை குட்டையாக இருந்தது. ஐந்தாவதோ மற்றவர்களுக்கு இருந்த அதே உயரம்!

எனக்கு ரொம்பவும் பிடித்த இடம் இது. குறைவாக உள்ளே போன செய்தி, வழியில் எங்கோ பெருக்கப்பட்டு, முழு அளவில் வெளியே வருகிறது. வரவு குறைந்ததைக் கவனித்த மூளை தன் வால்யூமைக் கூட்டிவிட்டது. சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்கு இது கைப்பழக்கம். ஸ்டேஷன் மங்கும்போது குமிழைத் திருகினால் பாட்டும் ஏறும், கூடவே இரைச்சலும் ஏறும். மூளையின் நரம்புகள் ஒலியே இல்லாதபோதும் சும்மா இருப்பதில்லை, துடித்துக்கொண்டேதான் இருக்கின்றன. வழக்கமாக நம் காதுக்கு எட்டாத அந்தத் துடிப்பு, வால்யூம் ஏறியதும் ஒலியாகிவிடுகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மூளை ஈடுகட்டுகிறது என்ற கருத்து வலுவாகவே நிற்கிறது. கட்டிக்காகக் காது நரம்பையே வெட்டியெடுத்த பிறகும் பலருக்கு இரைச்சல் தொடர்கிறது.

1953-இல் ஹெல்லர், பெர்க்மேன் என்ற இருவர், காதில் எந்தக் குறையும் இல்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் உட்காரவைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டது. ஆக, அந்த மாணவிக்குக் கேட்பது நம்மில் பெரும்பாலோருக்குள்ளும் இருப்பதுதான். இரைச்சல் உள்ளவர்கள் பல்லை இறுக்கிக் கடித்துப் பார்க்கலாம். பலருக்குச் சத்தம் மாறும். தாடை, கழுத்து நரம்புகளின் செய்தியும் காதின் செய்தியும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் கலப்பதால் இப்படி நடக்கிறது. மிச்சிகனில் சூசன் ஷோர் குழு இப்படிக் கலப்பதையே சிகிச்சையாக்கப் பார்க்கிறது.

இரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை இன்று இல்லை. இருப்பதாகச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். எண்ணெய் செவிப்பறையைத் தாண்டாது, பிரச்சினை இருப்பதோ அதற்கு வெகு உள்ளே. பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் சீழில் கொண்டுபோய் விடும். பாட்டி அன்போடுதான் ஊற்றுகிறார். இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சத்தத்தின் மீதுள்ள பயத்தைக் குறைக்கும் மனநலப் பயிற்சிக்குத்தான் இப்போதைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சத்தம் அப்படியே இருந்தாலும், ஆபத்தில்லை என்று தெரிந்துகொண்ட மூளை அதைக் கவனிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. லண்டனில் அளந்த அந்த முதல் அலையை அளக்கும் இயந்திரம் நம் ஊரிலும் இருக்கிறது. குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ‘பெரா டெஸ்ட்’ எடுப்பது அதில்தான். ஈரோடு, குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் 18 வயதில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளின் காதை வருடா வருடம் அதில் பதிந்து பார்க்க எத்தனை கோடி ஆகிவிடும்? அந்த ஆய்வுக்கு நாம் பணம் ஒதுக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வாரத்துக்கு அரை மணிகூடத் தேறாது. அந்த மாணவி ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றது மூன்று மணி நேரம். அடுத்த விழாவுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானைக் காதில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நிற்கட்டும். சத்தம் ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ டாக்டரிடம் மறுபடி போக வேண்டும். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும்.

படிக்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தார். கூடாது. வெளிச்சத்தம் குறையக் குறைய உள்சத்தம்தான் எடுப்பாகும். ஃபேன் ஓடட்டும். கரண்ட் போனால் போனில் மழைச் சத்தத்தைப் போட்டு மேஜையில் வைத்துவிடலாம். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வேண்டாம், அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும்.