புலியை எண்ணத் தெரிந்த நமக்குச் செந்நாயை ஏன் எண்ண முடியவில்லை?

மலேசியக் கடப்பிதழின் அட்டையில் இரண்டு புலிகள் நிற்கின்றன. புக்கிட் ஜாலில் அரங்கில் தேசியக் காற்பந்து ஆட்டம் என்றால் மஞ்சள் சட்டை போட்ட கூட்டம் முழுக்க 'ஹரிமாவ் மலாயா' என்று கத்தும். வங்கிச் சின்னத்திலும் புலித்தலைதான். காட்டில் உயிரோடு இருப்பவையோ 150க்கும் குறைவு. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில் கிடைத்த எண் அது.

இதைக் கேட்டு வருத்தப்படாதவர் இல்லை. ஆனால் கண்ணில் படாமல் நடமாடும் ஒரு விலங்கை, பகலிலும் இருட்டாக இருக்கும் காட்டில், எப்படி எண்ணினார்கள்? அதைத் தெரிந்துகொண்டால் இன்னொன்றும் புரியும். தீபகற்ப மலேசியாவின் ஊனுண்ணிகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது எதுவரை, தெரியாதது எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் பெரும்பாலும் விலங்கின் தோல்தான் முடிவு செய்திருக்கிறது.

பழைய எண்களிலிருந்து தொடங்கலாம். 1950களில் 3,000 புலிகள் இருந்ததாக இன்றும் எல்லோரும் எழுதுகிறார்கள். அது அந்தக் காலத்து ஊகம். காட்டுக்குள் முறைப்படி எண்ணி வந்த கணக்கு கிடையாது. 2008இல் தேசியப் புலிப் பாதுகாப்புத் திட்டம் வந்தபோது சுமார் 500 இருப்பதாக வைத்துக்கொண்டு, 2020க்குள் 1,000 ஆக்குவது என்று இலக்கு வைத்தார்கள். 2014இல் அறிவித்தது 250 முதல் 340. அப்புறம் இந்த 150. புலி குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த நான்கு எண்களையும் ஒரே வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது தவறு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையில் வந்தது.

இன்றைய முறைக்கு ஆதாரம் காட்டில் மரத்தோடு கட்டிவைக்கும் தானியங்கிக் கேமரா. யானைத்தடம், பழைய வெட்டுமரப் பாதை, மலைமுகட்டு வழி என்று புலி நடக்கக்கூடிய இடமாகப் பார்த்து, ஆளின் முழங்கால் உயரத்தில் கட்டுவார்கள். சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஏதாவது ஒன்று எதிரே நகர்ந்தால் உள்ளே இருக்கும் சென்சார் உணர்ந்து படம் பிடித்துவிடும். பாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டாகக் கட்டுவதற்குக் காரணம் உண்டு. புலியின் இடது விலாவில் உள்ள வரிகள் வலது விலாவில் உள்ளதுபோல் இருக்காது. ஒரு பக்கம் மட்டும் படம் எடுத்தால், போகும்போது ஒரு புலி, வரும்போது வேறு புலி என்று எழுதிவைத்துவிடுவோம். கேமராவுக்குள் எறும்பு புற்றுக் கட்டும். யானை பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். கம்பிக் கண்ணி வைக்க வரும் ஆட்கள், தங்கள் முகமும் அதில் பதிந்திருக்கும் என்று கழற்றிக்கொண்டு போவதும் உண்டு.

படங்கள் வந்த பிறகுதான் கணக்கு. முதல் மாதம் பத்து வெவ்வேறு புலிகள் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் பன்னிரண்டு. அதில் ஆறு ஏற்கெனவே பார்த்தவை. இரண்டாம் முறை வந்ததில் பாதி பழைய முகம் என்றால், முதல் முறை நாம் பார்த்தது மொத்தத்தில் பாதிதான் என்று ஆகிறது. ஆகவே காட்டில் உள்ளவை சுமார் இருபது. நாம் பார்க்காத புலியையும் கணக்கில் கொண்டுவந்துவிடுகிறது இந்தச் சின்ன வகுத்தல். எனக்கு இதில் சலிக்காத வியப்பு. கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் உல்லாஸ் காரந்த் இதைப் புலிக்குப் பொருத்தி 1995இல் வெளியிட்டார். உலகமெங்கும் புலி ஆய்வு அதன் பிறகு அந்த வழியில் போனது.

இருபது சரி, எத்தனை சதுர கிலோமீட்டரில் இருபது? கேமரா வைத்த இடத்துக்கு வெளியே குடியிருந்துகொண்டு, ஓரமாக வந்து போகும் புலியும் படத்தில் விழும். இப்போதைய கணிதம் ஒவ்வொரு புலிக்கும் அதன் நடமாட்டத்தின் மையம் ஒன்று இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. மையத்திலிருந்து கேமரா தள்ளிப்போகப் போகப் படத்தில் விழும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்பதைப் படங்களிலிருந்தே கண்டுபிடிக்கிறது. எந்தப் புலி எந்தெந்தக் கேமராவில் விழுந்தது என்பதும் இதனால் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

மலேசியாவில் இந்த வழியில் முதலில் ஆழமாக உழைத்தவர்களில் ஒருவர் காய் கவானிஷி. 4,343 சதுர கிலோமீட்டர் தாமான் நெகாராவில் அவரும் மெல் சன்குவிஸ்டும் செய்த ஆய்வு 2004இல் வந்தது. நூறு சதுர கிலோமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு புலி. பூங்கா முழுவதுக்கும் 52 முதல் 84 வரை. நாகரஹொளெயில் அதே பரப்புக்குச் சுமார் பன்னிரண்டு. 'நம் காட்டில் ஏன் இவ்வளவு குறைவு?' என்றால் வேட்டைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மழைக்காட்டில் இலை தழை எல்லாம் முப்பது மீட்டர் மேலே இருக்கிறது. தரையில் மேயும் மானுக்கு மிஞ்சுவது கொஞ்சம். மான் குறைந்தால் புலியும் குறையும். இந்த இயல்பான பற்றாக்குறையின் மேல்தான் கம்பிக் கண்ணி வந்து விழுகிறது. போதாததற்கு நோயும் வருகிறது. 2019இல் டுங்குன் பக்கம் ஊருக்குள் வந்து பிடிபட்ட ஆண் புலி, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸால் இறந்தது.

புலிக்கு வரி இருந்ததால் இதெல்லாம் முடிந்தது. சிறுத்தைக்கு?

மற்ற நாட்டுச் சிறுத்தைக்குப் புள்ளி உண்டு, பிரச்சினை இல்லை. இங்கேதான் சிக்கல். தாய்லாந்தின் க்ரா நிலச்சந்திக்குத் தெற்கே சிறுத்தை என்றாலே ஏறக்குறைய எல்லாம் கருஞ்சிறுத்தை. 1996 முதல் 2009 வரை 22 இடங்களில் எடுத்த கேமராப் படங்களைத் திரட்டி 2010இல் இதை உறுதிப்படுத்தினார்கள். ஒரே ஒரு மரபணு மாற்றம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் கிடைத்தால் குட்டி கறுப்பு. இருண்ட காட்டில் கறுப்பு வசதியாக இருந்ததா, அல்லது என்றோ எண்ணிக்கை சுருங்கியபோது தற்செயலாக நிலைத்துவிட்டதா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. எண்ணுகிறவருக்கோ இது தலைவலி. எல்லாப் படத்திலும் ஒரே கறுப்பு உருவம். ஒன்று பத்துத் தடவை வந்ததா, பத்து ஒவ்வொரு தடவை வந்ததா?

திரெங்கானுவின் கெனிர் பகுதியில் வேலை செய்த குழு இதற்குக் கண்டுபிடித்த வழி, காசே செலவில்லாத தந்திரம். கருஞ்சிறுத்தைக்கும் புள்ளிகள் உண்டு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அவை அடிநிறத்தோடு கலந்துவிடுகின்றன. ரோமத்துக்குக் கறுப்பு தரும் மெலனின் என்ற நிறமி அகச்சிவப்பு ஒளியை அவ்வளவாக விழுங்காது. அதனால் அந்த ஒளியில் அடிநிறம் வெளுத்துப் புள்ளிகள் தனியே எழும்பி நிற்கும். கேமரா இரவில் அகச்சிவப்பைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் பகல் வந்ததும் சாதாரணப் படத்துக்கு மாறிவிடும். வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் அதன் சென்சாரை மறைத்துவிட்டார்கள். கேமராவுக்கு எப்போதும் இரவு. நடுப்பகலில் போகும் சிறுத்தையும் புள்ளியோடு பதிந்தது. 94 விழுக்காட்டுப் படங்களில் எது எந்தச் சிறுத்தை என்று சொல்ல முடிந்தது. நூறு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் மூன்று என்று 2015இல் கணக்கும் வந்தது.

சூரியக் கரடிக்கு நெஞ்சில் மஞ்சள் திட்டு. ஆளுக்கு ஒரு வடிவம். தாய்லாந்தில் உயரத்தில் இரை கட்டித் தொங்கவிட்டுக் கரடியை எழுந்து நிற்கவைத்து நெஞ்சைப் படம் எடுத்துக் கணக்கு போட்டிருக்கிறார்கள். சிறுத்தைப்பூனைக்குப் புள்ளி இருக்கிறது. செந்நாய்க்கு ஒன்றுமே இல்லை. கூட்டமாக ஓடும், எல்லாம் ஒரே செம்பழுப்பு. ஐந்து செந்நாய்கள் மூன்று நாள் வந்தால் அது ஐந்தா பதினைந்தா என்று சொல்ல வழியில்லை. உலகம் முழுவதும் முதிர்ந்த செந்நாய்கள் 949 முதல் 2,215 வரைதான் என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு. புலியைவிடக் குறைவு! அதற்குக் கொடியும் இல்லை, காற்பந்துக் குழுவும் இல்லை.

இப்படிப்பட்ட விலங்குகளுக்கு 'எத்தனை' என்ற கேள்வியை விட்டுவிட்டு 'எங்கெங்கே' என்று கேட்கிறார்கள். 2002இல் மெக்கென்சி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வகுத்த கணக்கு இது. படத்தில் விழவில்லை என்பதால் அங்கே இல்லை என்று ஆகிவிடாது என்பதுதான் அதன் அடிப்படை. ஓர் இடத்தில் இருக்கும் விலங்கு ஓர் இரவில் படத்தில் விழ நூற்றுக்குப் பத்து வாய்ப்பு என்றால், முப்பது இரவும் விழாமல் தப்பிக்க நூற்றுக்கு நான்கே வாய்ப்பு. அப்போது 'இங்கே இல்லை' என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். நூற்றுக்கு ஒன்று என்றால்? முப்பது இரவில் தப்பிக்க 74 வாய்ப்பு. அதே தைரியம் வர முந்நூறு இரவு வேண்டும். அந்த நூற்றுக்கு எத்தனை என்பது எப்படித் தெரியும் என்றால், ஒரு முறையாவது விழுந்த இடங்களில் எத்தனை இரவு விழுந்தது, எத்தனை இரவு விழவில்லை என்பதிலிருந்து. விலங்கு அதிகமா கேமரா அதிகமா என்று பிரித்துப் பார்க்காமல் 'பத்துப் படம் கிடைத்தது, ஆகவே நிறைய இருக்கிறது' என்று எழுதிய பழைய அறிக்கைகளை இதன் பிறகு படிக்கும்போது சங்கடமாகத்தான் இருக்கும்.

கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேமரா நிற்கும் இடம் புலிக்காகத் தேர்ந்த இடம். முழங்கால் உயரத்தில் இருக்கும் கேமராவுக்கு மரத்தில் வாழும் பிந்துராங் என்ற கரடிப்பூனை அரிதாகத்தான் விழும். பூனைபோல் ஒல்லியான சின்ன ஊனுண்ணி வரிப்பட்டை லின்சாங் இன்னும் அரிது. நீரோரத்தில் வாழும் தட்டைத்தலைப்பூனையும் நீர்நாய்ப் புனுகுப்பூனையும் மலைமுகட்டுப் பாதைக்கு ஏன் வரப்போகின்றன? நீர்நாய் ஆற்றிலிருந்து ஏறும்போது நனைந்த ரோமம் உடல் சூட்டை மறைத்துவிடுவதால் சென்சார் கண்டுகொள்ளாமல் விடுவதும் நடக்கிறது. இவற்றுக்குப் 'பதிவு குறைவு' என்று எழுதும்போது, குறைவு விலங்கா பதிவா என்று கேட்க வேண்டியிருக்கிறது. புலிக்கு என்று வைத்த கேமராவில் வந்து விழுந்த மீதிப் படங்களை நம்பித்தான் சின்ன ஊனுண்ணிகளின் ஆய்வே ஓடுகிறது என்பது என் கருத்து.

எச்சத்தை எடுத்து டிஎன்ஏ பார்க்கலாமே என்பீர்கள். இங்கே மழையும் சாணவண்டும் அதை விட்டுவைப்பதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வேறு வழியை முயன்றார்கள். பிணத்திலும் எச்சத்திலும் உட்கார்ந்து எழும் ஈயின் குடலில் அந்த விலங்கின் டிஎன்ஏ கொஞ்ச நாள் தங்கும். ஈயைப் பிடித்தால் பக்கத்தில் என்னென்ன பாலூட்டிகள் உண்டு என்று படித்துவிடலாம். 2015இல் இதன் அடிப்படையை அவர்கள் வெளியிட்டார்கள். எத்தனை என்று ஈ சொல்லாது. ஆனால் அதற்கு வரி வேண்டாம், புள்ளி வேண்டாம், முழங்கால் உயரமும் வேண்டாம்.

ஆய்வு அவ்வளவாக எட்டாத இன்னோர் இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குச் சிறுத்தைப்பூனையைத் தெரியும். எலி தின்ன ராத்திரி வரும். சபாவில் நடந்த ஆய்வும் அதைத்தான் சொன்னது: செம்பனையில் அதன் சாப்பாட்டில் பெரும்பகுதி எலி. கோலாலம்பூரில் 'தாமான்' எனப்படும் குடியிருப்புகளில் கூரைக்குள் குடித்தனம் நடத்தும் மரநாயைப் பிடித்துப் போகச் சொல்லி ஆட்களைக் கூப்பிடுகிறோம். நகரத்தில் அது எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்கப் பணம் ஒதுக்குகிறவர் குறைவு.

பூச்சோங் பக்கம் ஆயர் ஹீத்தாம் காடு இருக்கிறது. சுமார் பன்னிரண்டு சதுர கிலோமீட்டர். சுற்றிலும் நெடுஞ்சாலை, வீடமைப்பு. அங்கேயும் கருஞ்சிறுத்தை இருப்பதை புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்து 2011இல் எழுதினார்கள். கெனிரின் 'நூறுக்கு மூன்று' என்பதை இந்தப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தால் அரைச் சிறுத்தைகூட வராது. பெரிய காட்டின் சராசரி, நகரம் சுற்றி வளைத்த துண்டுக்குப் பொருந்தாது. இங்கே கேட்க வேண்டியது வேறு: படத்தில் விழுந்தது ஆணா பெண்ணா, குட்டியோடு வருகிறதா, அடுத்த ஆண்டும் அதே புள்ளிகள்தான் விழுகின்றனவா? அதற்குச் சென்சாரை மறைத்த கேமராக்கள் சிலவற்றை ஆண்டுக்கணக்கில் அங்கேயே விட்டுவைக்க வேண்டும்.