முதுகு வலிக்கா? பெல்ட்டுக்கு முன்னாடி சேணத்தப் பாருங்க

அம்பை, சேரன்மாதேவி பக்கம் தோட்டத்துல ஆசைக்கு குதிரை வளக்குற அண்ணாச்சிமாரு சில பேரு பாளையங்கோட்டையில எங்கிட்ட பிசியோதெரபிக்கு வருதாவ. இடுப்புல பெல்ட்ட இறுக்கிக் கட்டிட்டு வந்து, கீழ் முதுகுல எல்4 எல்5 எலும்புக்கு நடுவுல இருக்க டிஸ்க்குல பிரச்சினைன்னு ரிப்போர்ட்ட நீட்டிட்டு, "சேணத்துக்கு மேல போட நல்ல ஜெல் பேடா ஒண்ணு சொல்லுங்க"ன்னுதான் கேப்பாவ. பேடு கடைசி அண்ணாச்சி.

ஒண்ணு முன்னாடியே சொல்லிருதேன், கவட்டுப் பக்கம் மரத்துப்போகுது, ஒண்ணுக்கு அடக்க முடியல, கால்ல பலம் கொறையுதுன்னா சேணத்த விட்டுட்டு அன்னிக்கே ஹைகிரவுண்ட் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மத்தவங்க முதல்ல குதிரை முதுகுல துணி எதுவும் போடாம சேணத்த மட்டும் வச்சு, பக்கவாட்டுல நின்னு பாருங்க. சீட்டுல ஆகப் பள்ளமான எடம் நடுவுல வரணும். பின்பக்கம் தாழ்ந்திருந்தா ஈசிசேர்ல சாஞ்ச மாதிரி இடுப்பு பின்னால சரிஞ்சு, கால் முன்னாடி ஓடி, குதிரை ட்ராட்டுல, அதாவது குலுக்கிக் குலுக்கி ஓடையில, ஒவ்வொரு குலுக்கலும் வளைஞ்ச முதுகுலதான் விழும். முன்பக்கம் தாழ்ந்தா முதுகு உள்ள வளைஞ்சு தசை பூரா இறுகிரும். மார்வாரி, கத்தியவாரி குதிரைக்கு உடம்பு கொஞ்சம் ஒடுக்கம், அதுமேல அகலமான சேணத்தப் போட்டா முன்பக்கம் அமுங்கத்தான் செய்யும். சீட் அளவும் முக்கியம், 17 அங்குலமோ 17.5-ஓ, உக்காந்த பெறகு பின்னால ஒரு கை அகலம் மிச்சம் இருக்கணும்.

அடுத்து அங்கவடி, சேணத்துல இருந்து வாருல தொங்குற, கால் வைக்கிற வளையம். ஸ்டிரப்புனு சொன்னாத்தான் பயலுவளுக்குப் புரியுது. காலத் தொங்கவிட்டா அதோட அடிப்பாகம் கணுக்கால் எலும்புக்கு நேரா வரட்டும், அங்கேருந்து வாருல ஒண்ணு ரெண்டு ஓட்டை ஏத்தி எறக்கிப் பாத்துக்கிடலாம். ரொம்பக் குட்டையா வச்சா முட்டி மேல ஏறி கூன் விழும், ரொம்ப நீளமா விட்டா எட்டி எட்டி மிதிக்கணும். எல்லாரும் இடது பக்கமே மிதிச்சு ஏறுறதால அந்தப் பக்கத்து வார் நாளாக நாளாக நீண்டுரும், ரெண்டும் ஒரே ஓட்டையில இருக்குன்னு நாம நெனச்சுக்கிடுவோம், உக்காந்தா ஒரு பக்கமா சாய்வோம். ஒரு பக்கம் மட்டும் இடுப்பு வலின்னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறதே இதத்தான். ரெண்டு வாரையும் அப்பப்ப பக்கம் மாத்திப் போடுங்க.

இதெல்லாம் சரியான பெறகு பேடு வாங்குங்க, ஆட்டுத்தோலோ ஜெல்லோ ஒண்ணு போதும், ஒண்ணுக்கு மேல அடுக்குனா உக்காந்திருக்க நாமதான் ஆட ஆரம்பிச்சிருவோம். பெல்ட்ட இறுக்கிக் கட்டிட்டு குதிரை ஏறுறது எனக்குப் பிடிக்காது, குதிரை அசைவுக்கு இடுப்பு வளைஞ்சு குடுக்கணும், அதக் கட்டிப்போட்டா அந்த அசைவு மேல முதுகுக்குத்தான் போகும்.

ஏற தரையில இருந்து எம்பாதீங்க, நல்ல கெட்டியான ஸ்டூலோ திண்ணையோ போதும், குதிரைக்கும் அதுதான் நல்லது. எறங்கும்போது ரெண்டு காலையும் அங்கவடியில இருந்து எடுத்துட்டு, வயித்த சேணத்தோட ஒட்டி மெதுவா வழுக்கி, முட்டிய மடக்கி தரையில கால வைங்க. பக்கத்துல ஆளுவ நிக்காவன்னு ஸ்டைலா குதிக்க வேண்டாம்.