உப்புவதற்கு இடம் விட்ட எரிபொருள்

அணு உலைக்குள் எரிபொருளாகப் போன யுரேனிய உலோகம் உப்பும். ஏறக்குறைய நான்கு அணு பிளந்தால் ஒரு செனான் அல்லது கிரிப்டான் அணு பிறக்கிறது. இந்த வாயுக்கள் உலோகத்தில் கரையாமல் குமிழாகத் திரள்கின்றன.

அமெரிக்காவின் ஐடஹோவில் 1964 முதல் 1994 வரை ஓடிய ஈபிஆர்-2 என்ற வேக ஈனுலையில் (வேகமான நியூட்ரான்களால் இயங்கும் சோதனை உலை), ஆரம்பகால எரிபொருள் தண்டுகள் அவற்றை மூடிய எஃகு உறைக்குழாயை அடைத்துக்கொண்டு நின்றன. சில சதவீத அணுக்கள் பிளப்பதற்குள் உப்பிய உலோகம் எஃகுக் குழாயை விரியவைத்துக் கிழித்தது. இறுக்கிப் பிடித்தால் அடங்காது என்பது புரிந்தது.

பிறகு வந்த வடிவமைப்பில் குழாயின் உள்விட்டம் 5.08 மி.மீ., தண்டு சுமார் 4.4 மி.மீ. அதாவது குறுக்குவெட்டில் 75 சதவீதம்தான் உலோகம். 100 அணுக்களில் ஒன்றிரண்டு பிளந்ததுமே தண்டு கன அளவில் சுமார் 30 சதவீதம் பருத்துவிடும். அதற்குள் குமிழ்கள் ஒன்றோடொன்று இணைந்து வழி திறக்க, வாயு மேலே விட்டிருக்கும் வெற்றிடத்துக்கு ஏறிவிடுகிறது. மிஞ்சுவது பஞ்சு போன்ற உலோகம். குழாயைத் தொட்டாலும் கிழிக்கும் வலு அதற்கு இல்லை. இந்தச் சின்ன இடைவெளியால்தான் எரிப்பு, அதாவது பிளந்த அணுக்களின் பங்கு, 20 சதவீதத்தை நெருங்கியது.

ஆனால் தொடக்கத்தில் அந்த இடைவெளி வெப்பத்தைத் தடுக்குமே? அதில் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் சோடியம் நிரப்புவார்கள். ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் குழாயில் முதலில் சோடியத் துண்டு, மேலே தண்டு. குழாயை மூடி வெல்டிங் செய்து, சூடாக்கித் தட்டி அதிர வைப்பார்கள். ஒரு குமிழ் தங்கினாலும் அந்த இடம் கொதித்துப்போகும்.

யுரேனியத்தோடு எடையில் 10 சதவீதம் சிர்கோனியம் சேர்ப்பது உருகுநிலையை உயர்த்தத்தான். வழக்கமான உலைகளின் யுரேனிய ஆக்சைடு எரிபொருளைவிட உருகுநிலை எவ்வளவோ குறைவு, ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் பல மடங்கு மேல். அதனால் தண்டின் நடுப்பகுதி அதிகம் சூடேறுவதில்லை. தேங்கிய வெப்பமும் குறைவு. 1986 ஏப்ரல் 3 அன்று, முழுத்திறனில் இருந்த ஈபிஆர்-2-இல் தானியங்கி நிறுத்தத்தை முடக்கிவிட்டு உலையைக் குளிர்விக்கும் திரவ சோடியத்தைச் சுழற்றும் பம்புகளை அணைத்தார்கள். சோடியம் சூடேறி, உலைக்கரு (எரிபொருள் இருக்கும் நடுப்பகுதி) விரிந்து, நியூட்ரான்கள் அதிகமாக வெளியே கசிய, திறன் தானாகவே விழுந்தது. அன்று மதியம் வெப்பம் வெளியேறும் வழியை அடைத்தபோதும் அதேதான்.

தீராத தலைவலி வேதியியல். பிளவில் பிறக்கும் நியோடிமியம், சீரியம் போன்றவை தண்டின் விளிம்புக்கு நகர்ந்து எஃகை உள்ளிருந்து அரிக்கின்றன. யுரேனியமும் இரும்பும் கலந்தால் சுமார் 725 டிகிரி செல்சியஸிலேயே உருகும். தனித்தனியாக இரண்டும் 1,100 டிகிரிக்கு மேல் தாங்குபவை. எனவே குழாயின் உட்சுவரில் சிர்கோனியம் அல்லது வனேடியம் பூசிப் பார்க்கிறார்கள். பூச்சில் ஒரு விரிசல் போதும், நியோடிமியம் நேராக எஃகைத் தொட்டுவிடும்.