வேகமான ரவையைத்தான் காற்று அதிகம் தள்ளும்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். "சேர், இலக்கு பார்த்துச் சுடுகிற விளையாட்டைப் பழக எனக்குச் சரியான ஆசை. கையில் பெரிய காசு இல்லை. எந்த றைபிள், எத்தனை மில்லிமீற்றர் எடுத்தால் நல்லது? எங்கட மாமா சொல்லுறார், எவ்வளவு வேகமாய்ப் போகுதோ அவ்வளவுக்குக் காற்று அதைத் தள்ளாதாம். அது உண்மையோ?"

முதல் கேள்விக்கான விடை சின்னது. இரண்டாவது கேள்விதான் என்னை இரண்டு நாள் மேசையை விட்டு எழும்ப விடவில்லை.

சின்ன விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். குழல் விட்டம் 4.5 மில்லிமீற்றர் உள்ள எயார் றைபிள், அதாவது வெடிமருந்து இல்லாமல் காற்றழுத்தத்தால் சுடுகிற துவக்கு, எடுங்கள். ஒலிம்பிக்கின் 10 மீற்றர் போட்டி இதே அளவுப் பெலற்றில்தான், அதாவது எயார் றைபிளின் சின்ன ஈயச் சன்னத்தில்தான், நடக்கிறது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும், நம் நாட்டிலிருந்து டோக்கியோ போன தெஹானி எகொடவெல சுட்டதும் இதில்தான். அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அகலம், பேனை முனையால் தொட்டு வைத்த அளவு. பழகுவதற்கு அதைவிடச் சிறிய இலக்கை யாரும் தேட வேண்டியதில்லை.

காசுக் கணக்கும் அங்கேதான் இருக்கிறது. றைபிளை ஒரு தடவைதான் வாங்குவோம். சன்னத்தை ஆயிரக்கணக்கில் வாங்க வேண்டும். பெலற் என்பது அரைக் கிராம் ஈயம், அவ்வளவுதான். 'பொயின்ற் டூ டூ' என்று சொல்கிற 5.6 மில்லிமீற்றர் ரவையில் ஈயத்தோடு வெடிமருந்தும் பித்தளைக் கோதும் சேர்ந்து வருகின்றன. ஒவ்வொரு வெடிக்கும் அந்தச் செலவு திரும்பத் திரும்ப வரும், சுட 50 மீற்றர் தளமும் வேண்டும். எயார் றைபிளிலேயே 5.5 மில்லிமீற்றர் வகை இருக்கிறது. அதன் பெலற் பாரம் கூடியது, விலையும் கூட, அந்த ஒலிம்பிக் போட்டியில் அதற்கு இடம் இல்லை.

குழலை மடக்கி இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கும் வகையே விலை குறைந்தது. அதில் ஒரு விஷயம்: பெலற் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே உள்ளே இருக்கிற ஆடுதண்டு பாய்ந்து துவக்கை உதறிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி உதறும். துவக்கின் முன்பக்கத்தைத் தாங்குகிற கையைத் திறந்து, துவக்கை உள்ளங்கையில் சும்மா இருத்தி வையுங்கள். இந்தப் பிடி கைவர ஒரு மாதம் எடுக்கும். அந்த ஒரு மாதம் பின்னால் எந்தத் துவக்கை எடுத்தாலும் உதவும்.

அப்புறம் சட்டம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வாங்குவதற்கு முன் பொலிஸில் கேட்டு, வேண்டிய அனுமதியை எடுத்து, கழகம் ஒன்றின் தளத்தில் மட்டும் சுடுங்கள். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடிய அம்மாமார் இந்த மாவட்டத்தில் இன்னும் நம் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். விளையாட்டு அவர்களுடைய நித்திரையைக் கெடுக்கக் கூடாது. எயார் றைபிளை நான் முதலில் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மாமாவின் பேச்சுக்கு வருவோம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம், நண்பர் ஒருவரின் அழைப்பில் 5.6 மில்லிமீற்றர் றைபிளில் 50 மீற்றரில் சுடும் வாய்ப்புக் கிடைத்தது. கச்சான் காற்று மேற்கிலிருந்து அனல் மாதிரி அடித்துக்கொண்டிருந்த பின்னேரம். தளம் வடக்கைப் பார்த்தது. நண்பரிடம் இரண்டு பெட்டி ரவை இருந்தது, ஒன்று சாதாரண வேகம், மற்றது அதிவேகம். ஒவ்வொன்றிலும் பத்து வெடி வைத்தேன். கடதாசியைக் கழற்றிக் கையில் எடுத்தபோது இரண்டு கூட்டமும் வலது பக்கம் ஒதுங்கியிருந்தன. அதிவேகக் கூட்டம் மற்றதைவிட இன்னும் வலது பக்கம். ஓட்டைகளின் ஓரத்தில் ஈயக் கறுப்பு வளையம் படிந்திருந்தது. சின்ன விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். கடதாசியை மாற்றிப் பிடித்துவிட்டோமோ என்று நண்பர் கேட்டார். மாற்றவில்லை.

நாம் பொதுவாக என்ன நினைக்கிறோம்? காற்று சன்னத்தின் விலாவில் அடித்து, காய்ந்த இலையைத் தள்ளுகிற மாதிரி தள்ளுகிறது என்று. அப்படியானால் வேகமாகப் போவது காற்றில் குறைந்த நேரம் இருக்கும், குறைவாகத்தான் ஒதுங்கும். மாமா சொல்வது இந்தக் கணக்குத்தான். நடப்பது வேறு.

இதை விளங்கிக்கொள்ள கொட்டியார்க் குடாவுக்கு வாருங்கள். மூதூர்ப் பக்கம் ஒரு தோணியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நீரோட்டத்தோடு மிதக்கிறீர்கள். உங்களைச் சுற்றியுள்ள தண்ணீர் அசைவதே இல்லை. கரைதான் மெல்லப் பின்னால் வழுகிப் போகிறது. உயர்தரத்தில் சார்பியக்கம் படித்தது நினைவிருக்கும்.

அதே மாதிரி காற்றோடு மிதக்கிற ஒரு தோணியில் ஏறி உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால் காற்று அடிக்கவே இல்லை, அது நின்ற காற்று. தரை, துவக்கு, இலக்கு மூன்றும் சேர்ந்து செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் பக்கவாட்டில் வழுகுகின்றன. துவக்கு வழுகிக்கொண்டே சுடுகிறது. ஆகவே சன்னத்துக்கும் அந்தப் பக்கவாட்டு வேகம் பிறவியிலேயே இருக்கிறது, ஓடுகிற பஸ்ஸுக்குள் கைதவறி விழுந்த திறப்புக்கு பஸ்ஸின் வேகம் இருப்பது போல. தோணிக்காரர் பார்வையில் சன்னம் நேராகப் போகவில்லை, மிகச் சிறிய சாய்வில் போகிறது. இலக்கும் அதே பக்கம் வழுகிக்கொண்டு இருக்கிறது.

வளித்தடை என்று ஒன்று இல்லாவிட்டால் என்ன நடக்கும்? சன்னம் முன்னே போகிற நேரத்துக்குள் பக்கவாட்டில் எவ்வளவு போகிறதோ, இலக்கும் சரியாக அவ்வளவு வழுகியிருக்கும். இரண்டும் சந்திக்கும். நடுவில் படும். காற்று புயலாக அடித்தாலும் ஒதுக்கம் பூச்சியம்!

இப்போது தடையைச் சேருங்கள். நின்ற காற்றில் தடை எந்தப் பக்கம் இழுக்கும்? பறக்கிற பாதையிலேயே, நேர் பின்னால். சன்னத்தின் மூக்கு எப்போதும் பாதையைப் பார்த்தபடி இருப்பதால் இது நடக்கிறது. குழலுக்குள் வெட்டியிருக்கிற சுருள் தவாளிப்பு அதைச் செக்கனுக்கு ஏறத்தாழ 800 தடவை சுழற்றி, பம்பரம் மாதிரி நிமிர்த்தி வைத்திருக்கிறது. ஆகவே பாதை வளையாது. அதே சாய்ந்த கோடுதான். சன்னம் அந்தக் கோட்டில் கொஞ்சம் பிந்தி வருகிறது, அவ்வளவுதான். பிந்துகிற அந்தத் துளி நேரத்திலும் இலக்கு வழுகிக்கொண்டே இருக்கிறது. சன்னம் வந்து சேரும்போது இலக்கின் நடு அங்கே இல்லை.

ஆக, ஒதுக்கம் என்பது காற்றின் வேகத்தை அந்தப் பிந்திய நேரத்தால் பெருக்கினால் வருவது. சன்னம் காற்றில் இருந்த மொத்த நேரம் கணக்கில் வராது. தடையே இல்லாவிட்டால் எடுத்திருக்கும் நேரத்தைவிட எவ்வளவு பிந்தியது என்பதுதான் கணக்கு. 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பீரங்கி அதிகாரி டிடியோன் இதைக் கணித்துவிட்டார். நான் இதை முதன்முதலில் படித்தபோது கொப்பியை மூடிவிட்டு வெளியே போய்க் கடற்கரையில் நடந்தேன். காற்று தள்ளுவதே இல்லை, பிந்துவதுதான் ஒதுக்குகிறது! இன்றைக்கும் வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். சாதாரண ரவை செக்கனுக்கு 326 மீற்றர் வேகத்தில் புறப்பட்டு 50 மீற்றரில் 293 ஆகக் குறைகிறது என்று வையுங்கள். தடை இல்லாவிட்டால் 0.1534 செக்கனில் போயிருக்கும், உண்மையில் 0.162 அளவு எடுக்கும். பிந்தியது 8.4 மில்லிசெக்கன். காற்று 4 மீற்றர் என்றால் ஒதுக்கம் ஏறக்குறைய 34 மில்லிமீற்றர். அதிவேக ரவை 376இல் புறப்பட்டு 329க்கு இறங்கும். மொத்த நேரம் குறைவுதான், ஆனால் பிந்தியது 10 மில்லிசெக்கனுக்குக் கிட்ட. ஒதுக்கம் 40 மில்லிமீற்றர். 50 மீற்றர் இலக்கில் வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீற்றர். நான்கு வளையம் போனது போக, கூடுதல் காசு கொடுத்து வாங்கிய வேகத்தால் இன்னொரு வளையமும் போகிறது.

அதிவேகம் ஏன் அதிகம் பிந்துகிறது? அது ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போவதால். ஒலியைவிட மெதுவாகப் போகிற பொருளுக்கு முன்னால் இருக்கிற காற்று, அது வருவதை முன்கூட்டியே அறிந்து விலகிவிடும். அந்தச் செய்தி ஒலி வேகத்தில்தான் போகும். சன்னமே அந்த வேகத்தில் வந்தால் காற்றுக்கு விலக நேரம் இல்லை. முன்னால் நசுங்கிக் குவிந்து அதிர்ச்சி அலையாகிறது. நாம் கேட்கிற 'படார்' அதுதான். அந்த அலையைக் கிளப்பச் சன்னம் தன் வேகத்தைத்தான் செலவழிக்க வேண்டும். ஒலி வேகத்தின் 80 வீதத்தில் இருந்ததைவிட, ஒலி வேகத்தைக் கொஞ்சம் தாண்டியதும் தடைக் குணகம் இரு மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. 1742ஆம் ஆண்டளவிலேயே, தொங்கவிட்ட மரக்கட்டையில் சுட்டு அது ஆடுகிற அளவை வைத்து, பெஞ்சமின் ரொபின்ஸ் இந்தத் திடீர் ஏற்றத்தைக் கவனித்திருந்தார். ஒரு கட்டை, கொஞ்சம் கயிறு. அதற்குள் இவ்வளவு அறிவியல்.

நம் ஊர் வெக்கைக்கு இதில் ஒரு சின்னக் கொடுப்பினை உண்டு. ஒலியின் வேகம் வெப்பநிலையோடு கூடும். 33 பாகையில் அது செக்கனுக்குக் கிட்டத்தட்ட 351 மீற்றர், குளிர் நாட்டில் 5 பாகையில் 334. சாதாரண ரவை அங்கே ஒலிச் சுவரை உரசிக்கொண்டு போகும். இங்கே தாராளமாகத் தள்ளியே போகும்.

இதே பாடம் எயார் றைபிள் பெட்டிகளுக்கும் பொருந்தும். "செக்கனுக்கு 1000 அடி" என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது 305 மீற்றர். இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்த பெலற், பூப்பந்துபோல் பின்னால் இழுபட்டுத்தான் நேராகிறது. ஒலி வேகத்தை நெருங்கினால் ஆடத் தொடங்கும். ஒலிம்பிக் வீரர்களின் துவக்கு 170, 175 மீற்றர் வேகத்தில்தான் சுடுகிறது. ஆகவே, தம்பி, வேகத்தைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். சுட விரலால் இழுக்கிற விசை இலேசாகவும் ஒரே மாதிரியாகவும் விடுபடுகிறதா, குறிகாட்டி அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெலற்றை ஒரே வகையில் வாங்குங்கள். ஈயம் என்பதால் சுட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

10 மீற்றரில் காற்று என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். பெலற்றுக்குத் தடை மிக அதிகம். திறந்த வெளியில் 4 மீற்றர்க் காற்றுக்கு ஒரு சென்ரிமீற்றர் ஒதுங்கிவிடும். அந்த இலக்கில் வளையத்துக்கு வளையம் இரண்டரை மில்லிமீற்றர்தான், இங்கேயும் நான்கு வளையம் போகிறது. காற்று வரும் பக்கம் ஆளுயரத்துக்குக் கிடுகு கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

பழகுகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: காலையில் நன்றாகப் பட்டது, பின்னேரம் யாரோ நாவூறு வைத்துவிட்டார்கள். துவக்கில் தேசிக்காய் கட்டியதையும் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை, நானும் கோணேசர் மலைக்கு ஏறுகிறவன். ஆனால் காலை எட்டு மணிக் காற்றும் பின்னேரம் மூன்று மணிக் காற்றும் நம் ஊரில் ஒன்று இல்லை. கச்சான் ஒரு பக்கம் இழுக்க, கடற்காற்று மறுபக்கம் எழும்புகிறது. தேசிக்காய் கட்டிய இடத்தில் ஒரு முழம் நூலைக் கட்டியிருந்தால் காரணம் கண்ணுக்கு முன்னால் ஆடியிருக்கும்.

இதை ஆராயப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. நாலைந்து காற்றுவேகமானிகளைக் கொடுத்து, துறைமுக வாயிலிலிருந்து நிலாவெளி வரை ஒரு வருடம் காற்றை அளக்கச் சொன்னால் சுடுகிறவருக்கும் பயன், தோணிக்காரருக்கும் பயன். ஆராய்ச்சிக் காசு பெரிய இயந்திரங்களுக்குப் போகட்டும், அதில் ஒரு துளி இப்படிச் சின்ன அளவீடுகளுக்கும் வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கே இடத்துக்கும் பஞ்சமில்லை. நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலையைக் காலனித்துவ காலத்தில் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். 2003இல் அது கடல் தேசியப் பூங்காவானது. இப்போது அங்கே பவளப் பாறைகளைப் பார்க்கப் போகிறோம்.

தம்பி, கழகத்தில் சேர்ந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். தடியில் மெல்லிய ரிபனைக் கட்டி, சுடும் இடத்துக்கும் இலக்குக்கும் நடுவில் நடுங்கள். காலையில் பத்து, பின்னேரம் பத்து வெடி வையுங்கள். குறிகாட்டியைத் தொட வேண்டாம். ஒவ்வொரு கடதாசியின் மூலையிலும் நேரத்தையும் ரிபன் நின்ற சாய்வையும் பென்சிலால் குறித்து எனக்கு அனுப்புங்கள். ஓட்டைகளை நானும் எண்ணிப் பார்க்க வேண்டும்.