ஆமைக்கு விஷச்செடி தெரியும் என்று யார் சொன்னது?

இந்த மழை தொடங்கியதிலிருந்து என் மேசைக்கு வந்த மூன்றாவது ஆமை அது. நான்கு வயது சல்கட்டா, ஆப்பிரிக்க இன ஆமை. முதல் இரண்டும் பிழைத்துக்கொண்டன, இது பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் வயிற்றைத் திறந்தால் அரளி இலைத் துண்டுகள், நரம்போடு அடையாளம் தெரிகிற அளவுக்கு. பச்சையாக ஏதாவது கொடுப்போமே என்று சாலை நடுவில் வளர்ந்திருந்ததை ஒரு கைப்பிடி பறித்து வந்திருக்கிறார் வளர்த்தவர். ஆசையாகத்தான் செய்தார்.

மூன்று பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "எது விஷம்னு அதுக்கே தெரியாதா டாக்டர்?"

தெரியாது. சல்கட்டாவின் பூர்வீகம் சஹாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட புல்வெளி. உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்து பரவியவை. வழிவழியாகப் பார்த்தே இராத செடியை அது எப்படி ஒதுக்கும்? சரி, உள்ளூர் மாட்டுக்காவது தெரிகிறதா? அறுத்த தாளில் திரும்பத் துளிர்த்த மறுதாம்புச் சோளத்தை மேய்ந்து மாடு செத்த கதை இல்லாத ஊர் உண்டா? உண்ணிச்செடி தின்று காமாலையோடு வரும் ஆடுமாடுகள் பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து புதிதாக வாங்கி வந்தவை, அல்லது தீவனம் இல்லாமல் பசியில் கிடந்தவை. மொட்டைமாடியில் அடைத்து வைத்த ஆமையின் நிலையும் அதுதான். போட்டதைத் தின்னும்.

"நேற்று தின்றது, இன்று நன்றாக இருக்கிறது" என்பதும் ஆதாரமில்லை. ஆமைக்குத் தின்றது செரித்து வெளியேறவே பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும்.

அப்புறம் என்னதான் கொடுப்பது? முக்கால் பங்குக்கு மேல் புல், அதிலும் அருகம்புல் தாராளமாக. செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, மல்பெரி இலை. களைகளில் வெட்டுக்காயப் பூண்டு நல்லது. நீண்ட காம்பில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள், சொரசொரப்பான இலை. பார்த்தீனியத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அதற்கு இலை கேரட் இலை போலக் கிழிந்திருக்கும், பொடிப்பொடி வெள்ளைப் பூக்கள் கொத்தாக இருக்கும். பூ வரும் வரை பொறுத்துப் பார்த்துப் பறியுங்கள்.

எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி கிட்டேயே வேண்டாம். மல்பெரியைத் தவிர, ஒடித்தால் பால் வடியும் செடி, பெயர் தெரியாத செடி, இரண்டுமே வேண்டாம். சாரணையும் பருப்புக்கீரையும் தினமும் போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. வளரும் ஓட்டுக்கு அது கெடுதல்.

சாலையோரம், சாக்கடையோரம், வயல் வரப்பில் பறிக்காதீர்கள். களைக்கொல்லியோ கொசு மருந்தோ தெளித்திருந்தால் கழுவினாலும் முழுக்கப் போகாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆமைக்குத் தீவனம் கேட்டு என்னிடம் வராதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

தெரியாமல் எதையாவது தின்றுவிட்டதா? தயவுசெய்து எண்ணெயோ மோரோ வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். மீதிச் செடியைப் பூவோடு ஒரு பையில் போட்டு, ஆமையோடு சேர்த்து அன்றைக்கே கொண்டு வாருங்கள்.