ஹைப்பர்ட்ரோஃபி: தசை பருத்தல்

'எளிய உடற்பயிற்சிகளைத் தொடர்ந்து செய்தால் தசை வீக்கம் ஏற்படும்.' பெரியம்மாவிடம் யாரோ கொடுத்திருந்த பயிற்சிக் குறிப்பில் இப்படி ஒரு வரி. அதன் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, குதிகால் உயர்த்தும் பயிற்சியையே நிறுத்திவிட்டார். நான் போனபோது கெண்டைக்காலை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சியால் தசை தடிப்பதைக் குறிக்கும் ஹைப்பர்ட்ரோஃபி என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்ப்பில் 'வீக்கம்' ஆக்குவதை எத்தனையோ முறை படித்துப் பொறுத்திருக்கிறேன்; இந்த முறை முடியவில்லை.

சொல் கிரேக்க வழி வந்தது. 'ஹைப்பர்' மிகுதி, 'ட்ரோஃபே' ஊட்டம். ஊட்டமின்றி மெலிவது அட்ரோஃபி.

தமிழில் எது வீங்கும்? அடிபட்ட இடம், நீர் கோத்த கால், பூச்சி கடித்த விரல். வீங்கியது வடிந்தால்தான் நமக்கு நிம்மதி. பயிற்சி முடித்த கையோடு தசையில் நீர் சேர்ந்து கொஞ்சம் உப்பும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும். வீக்கம் என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். ஹைப்பர்ட்ரோஃபியோ பல வாரங்களில் நடப்பது: தசை நாருக்குள் ஆக்டின், மயோசின் என்னும் புரதங்கள் சேரச் சேர நார் தடிக்கிறது. வடிவதையும் நிலைப்பதையும் ஒரே சொல்லால் குறித்தால் படிப்பவர் எதை நம்புவார்?

'தசைப் பெருக்கம்' என்பாரும் உண்டு. பெருக்கம் எண்ணிக்கையைச் சொல்வது. செல்கள் பலவாகும் ஹைப்பர்பிளேசியாவுக்கு அதை விட்டுவைக்க வேண்டும். பயிற்சியால் கூடுவது பெரும்பாலும் நாரின் தடிமனே. 'மிகைவளர்ச்சி' என்பது ஹைப்பரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அளவுக்கு மீறியது என்ற குற்றச்சாட்டு அதில் ஒட்டியிருக்கிறது. நோயால் தடித்த இதயச் சுவருக்கு வேண்டுமானால் பொருந்தும்.

அடிமரம் பருக்கிறது, அதனால் மரம் இரண்டாகிவிடுவதில்லை. அதே பொருள் உள்ளிருந்து கனம் கொள்வதற்குப் பருத்தல் என்ற சொல் நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. தசை பருத்தல். எழுவாய்த் தொடர், ஆகவே ப் மிகாது. உடல் பருமன் நினைவுக்கு வருமே என்கிறார்கள். தசை என்று முன்னால் சொன்ன பிறகு கொழுப்பு எங்கிருந்து வரும்?

இத்தகைய மொழிபெயர்ப்புகளில் வரும் 'மென்மையான உடற்பயிற்சி' என்பது இன்னொரு தொல்லை. பஞ்சு மென்மையானது, பயிற்சி எளியது, மிதமானது. எளியது என்பதால் பயனற்றதும் அல்ல. ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 30 விழுக்காட்டை எடுத்து, இனி முடியாது என்னும் வரை திரும்பத் திரும்பத் தூக்கினால், 80 விழுக்காட்டு எடையில் கிடைப்பதற்கு நிகராகவே தசை பருக்கிறது. வலிமை கூடுவதில்தான் கன எடையின் கை ஓங்குகிறது. இவ்வளவு நல்ல செய்தியை, அகராதியில் கண்ட முதல் சொல்லை ஒட்டவைத்து நோய்ச் செய்தியாக்கிவிடுகிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். எழுதிய வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் அவர்களுக்கே உறைத்திருக்கும்.

பெரியம்மாவின் தாளில் அந்த வரியை அடித்துவிட்டு மேலே எழுதினேன்: 'தொடர்ந்து செய்துவந்தால் கெண்டைத் தசை மெல்லப் பருத்து உரமேறும்.' இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தினார்.