உதிரிப்பூவும் சரமும்

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வாங்கிய மல்லியில் ஒரே ஓர் உதிரிப்பூவைப் பின்னலில் செருகிப் பாருங்கள். நாலு எட்டு நடப்பதற்குள் விழுந்துவிடும். அதையே நாரில் நெருக்கமாகக் கட்டி ஒரு முழம் வைத்தால் சாயங்காலம் வரை நிற்கும். ஒரு பூ தளர்ந்தாலும் நார் அதை விடாது.

எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் வைக்கும் பொருள்களிலும் இதே வித்தியாசம் உண்டு. எண்ணெயைத் தண்ணீரில் அடித்துக் கலக்கினால் பால்போன்ற குழம்பு கிடைக்கும். சற்று நேரத்தில் துளிகள் மோதி ஒன்றாகி மேலே மிதக்கும். சோப்பு இதைத் தள்ளிப்போடும்: அதன் மூலக்கூறின் வால் எண்ணெயில் புதையும், தலை தண்ணீரில் நிற்கும். ஆனால் சோப்பு மூலக்கூறு உதிரிப்பூதான். ஒட்டும், கழலும், மறுபடி ஒட்டும். கழன்ற இடத்தில் இன்னொரு துளி மோதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பின் பாடு இன்னும் மோசம். அதிலுள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துத் திரியவைத்துவிடும்.

கிராஃப்ட் கோபாலிமர் என்ற நீள மூலக்கூறுதான் சரம். நீளமான ஒரு முதுகுச் சங்கிலி. அதில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதுபோல, வேறு குணமுள்ள கிளைகளை இணைத்திருப்பார்கள். காபித்தூளில் கலக்கும் சிக்கரி இருக்கிறதல்லவா, அதன் வேரில் உள்ள இனுலின் தண்ணீரை விரும்பும் சங்கிலி. அதில் எண்ணெயை நாடும் கிளைகளை ஒட்டினால், கிளைகள் துளிக்குள் ஊன்றிக்கொள்ளும், இடைப்பட்ட இனுலின் வளையம் வளையமாகத் தண்ணீரில் நீட்டி நிற்கும். சங்கிலி விலக வேண்டுமென்றால் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் கழல வேண்டும். அது மிக அரிது. இரண்டு துளிகள் நெருங்கினால் வளையங்கள் நெரிபடும். அந்த இடுக்கில் தண்ணீர் புகுந்து துளிகளைத் தள்ளிவிடும். சோப்பைப்போல மின்னூட்டத்தை நம்பாத காவல் இது, அதனால் உப்புக்கு எளிதில் அசைவதில்லை.

சரி, இதே துளிக்குள் மல்லி வாசனையை அடைக்கலாமா? அடைக்கலாம். ஆனால் லினலூல் போன்ற வாசனைப் பொருள்கள் தண்ணீரில் கொஞ்சம் கரையும். அதனால் சிறு துளிகள் கரைந்து கரைந்து பெரிய துளிகளுக்கு இரையாகும். தண்ணீரில் கிட்டத்தட்ட கரையாத ஹெக்ஸாடெகேன் எண்ணெயைச் சிறிது சேர்த்தால் இது வெகுவாகக் குறையும்.

அப்புறம் சுவர். எண்ணெயில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளையும் தண்ணீரில் அமீன் என்ற வேதிப்பொருளையும் வைப்பார்கள். இரண்டும் துளியின் விளிம்பில் சந்தித்து பாலியூரியா என்ற பிளாஸ்டிக் ஓடாக இறுகும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்: ஓடு தடிக்கத் தடிக்க இரண்டும் சந்திப்பது குறைந்து, வளர்ச்சி தானாகவே மெதுவாகிவிடும். கிடைப்பது சுமார் 200 நானோமீட்டர் உருண்டை, தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 400இல் ஒரு பங்கு. வெளியே சரம் அப்படியே சுற்றியிருக்கும், உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல். உள்ளே இருக்கும் வாசனை மெல்லிய ஓட்டின் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.